காயலான் கடைக்குப் போன காயலான்

உள்ளங்கையில் அடங்கிவிடக்கூடிய ஒரு பிளாஸ்டிக் துண்டுக்காக 700 கிலோமீட்டருக்கும் மேலாக இரயிலேறிச் சென்றேன் என்று கூறினால் நகைப்போரும் இருப்பர். என் தம்பி நகைக்கவே செய்தான். அத்துண்டு இல்லாத குறையால் எங்கள் உம்மா ஐந்து திங்கள் காலம் வீட்டு வாசற்படியைத் தாண்டவில்லை என்பதைச் சொன்னால், வாசகர்களின் நகைப்பு சற்றே அடங்கக்கூடும்.

எங்கள் வீட்டில் ஒரு பழைய ஆம்னி வேன் இருக்கிறது. மர்ஹூம் வாப்பா அவர்கள் 1997-இல் புதிதாக வாங்கியது. மாருதி நிறுவனம் 1984-இல் ‘வேன்’ என்ற பெயரிலேயே வெளியிட்டு, 1988-இல் ‘ஆம்னி’ எனப் பெயர் சூட்டி, 2019 வரை செய்துவந்த வண்டி அது. 796 சி.சி. எஞ்சின், அதுவும் முன்னிருக்கைகளுக்கு அடியிலேயே ஒடுங்கிக் கிடக்கும். மூக்கு இல்லாத முகம். இரு பக்கமும் தள்ளுகதவு. காயல்பட்டினத்துத் தெருக்களை அறிந்தவர்களுக்கு இக்கதவின் அருமை விளங்கும். திறந்து விரியும் கதவுள்ள கார் ஒன்று எங்கள் முடுக்குகளின் வாயிலில் நின்றால், கதவு சுவரில் இடிக்கும். ஆம்னி அப்படியன்று. வாசலோடு ஒட்டி நிற்கும். கதவு பின்னோக்கி நகரும். துப்பட்டி அணிந்த பெண்கள் இரண்டடி எடுத்துவைத்தால் வண்டிக்குள் அமர்ந்துவிடலாம். எத்தனையோ ஊர்களில் பள்ளிப் பிள்ளைகளையும், காய்கறிக் கூடைகளையும், நோயாளிகளையும், மையித்துகளையும் சுமந்த வண்டி அது. எங்கள் வீட்டு வண்டியும் இவற்றுள் எதையும் சுமக்காமல் இருந்ததில்லை.

வாப்பா அதற்கென ஒரு குறிப்பேடு வைத்திருந்தார்கள். பஞ்சர் ஒட்டிய நாள், எண்ணெய் மாற்றிய நாள், எந்த வீட்டு நிக்காஹுக்கு வண்டி போயிற்று என்பதெல்லாம் அவர்கள் கையெழுத்தில் உண்டு. 2009-இல் அவர்கள் மறைந்த பிறகு அக்குறிப்பேட்டை நான் தொடர்ந்து எழுதிவருகிறேன். அவர்களைப்போல் ஒழுங்காக அன்று.

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களை எங்களூரார் எவரும் மறக்கமாட்டார்கள். ஒரே நாள் கணக்கில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. எங்கள் மாவட்டம் ஓராண்டு முழுதும் பெறும் மழையைவிட அது மிகுதி. திருச்செந்தூரிலிருந்து புறப்பட்ட சென்னை இரயில் அவ்விரவில் ஸ்ரீவைகுண்டத்தைத் தாண்ட இயலாமல், ஏறத்தாழ 800 பயணிகளுடன் வெள்ளத்தின் நடுவே நின்றதை நாடே தொலைக்காட்சியில் கண்டது. எங்கள் வீட்டில் மனிதருக்கு எவ்விதத் தீங்கும் நேரவில்லை, அல்ஹம்துலில்லாஹ். வேன் மட்டும் இருக்கை மட்டத்திற்குத் தண்ணீரில் இரண்டு நாட்கள் நின்றது.

எஞ்சினைப் பிரித்துக் கழுவி ஓடவைப்பது அத்துணைக் கடினமாக இருக்கவில்லை. அதன் உறுப்புகளை இன்றும் பற்பல ஆலைகள் செய்து விற்கின்றன. தொல்லை கொடுத்தது கதவின் உட்புறம். ரெக்சின் ஒட்டிய ஹார்டுபோர்டு பலகை நீரில் ஊறி அப்பளம்போல் உப்பிவிட்டது. காயவைப்பதற்காக அதைக் கழற்றியபோது, இடப்பக்கத் தள்ளுகதவின் உட்கைப்பிடியைச் சுற்றிப் பதிந்திருக்கும் கிண்ணம் போன்ற மூடி மூன்று துண்டுகளாகிவிட்டது. இருபத்தாறு ஆண்டுகள் வெயில் பட்ட பிளாஸ்டிக். வளைந்து கொடுக்கும் தன்மையை எப்போதோ இழந்து, தொட்டால் முறியும் நிலையில் காத்திருந்தது. கடைக்காரர்கள் இதனை ‘ஹேண்டில் கவர்’ என்பர்.

இது ஓர் அலங்காரப் பொருள்தானே என்றே நானும் எண்ணினேன். வண்டியைச் செப்பனிட்டவர், தகரத் துண்டொன்றை வெட்டி வளைத்து அவ்விடத்தை மறைத்துத் தந்தார். பார்வைக்குக் குறையில்லை. பிப்ரவரித் திங்களில் ஒருநாள் உம்மா இறங்கும்போது, பிடிமானத்திற்காக வழக்கம்போல் கைப்பிடிக் குழிக்குள் விரல்களை நுழைத்தார். தகரத்தின் ஓரம் நான்கு விரல்களையும் அறுத்துவிட்டது. உம்மாவுக்கு வயது 76. இருபதாண்டுகளாகச் சர்க்கரை நோய். காயம் ஆற 47 நாட்களாயின. ஆறிய பிறகும் அவர் வண்டியில் ஏறவில்லை. வாடகைக் கார் அழைத்தாலும் அதன் உயரமும் கதவும் ஒவ்வவில்லை. சித்தன் தெருவிலுள்ள தம் தங்கையைக் காணக்கூடச் செல்லாமல், “அவளை இங்கே வரச்சொல்லு வாப்பா” என்று சொல்லிவிட்டார். அவளோ முழங்கால் வலியால் எழ இயலாதவள். இரண்டு கிழவிகளும் ஒரே ஊரில், தொலைபேசி வழியே உறவாடிக்கொண்டிருந்தார்கள்.

தகரத்தின் ஓரத்தை மடித்து ஒட்டினேன், துணி சுற்றினேன். உம்மாவின் அச்சம் போகவில்லை. அச்சத்தையும் குறைகூற இயலாது.

அதன் பின்னரே தேடத் தொடங்கினேன். நிறுவனத்தின் முகவரிடம் சென்றால் கணிப்பொறியில் உறுப்பின் எண் தெரிகிறது, பொருள் வரவில்லை. தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் பழைய வண்டி பிரிக்கும் இடங்களில் கேட்டேன். சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை என்பது புதிய உதிரிப்பாகங்களுக்குப் பெயர்பெற்ற கடைத்தெரு, அங்குப் பணியாற்றும் நண்பர் ஒருவர் கடைகடையாக விசாரித்து, “முகப்பு விளக்கு வேண்டுமா, பம்பர் வேண்டுமா, இன்றே அனுப்புகிறேன், இது மட்டும் இல்லை” என்றார். காரணம் எளிது. பிளாஸ்டிக் பொருளைச் செய்ய உலோக அச்சு வேண்டும். அதற்கு இலட்சக்கணக்கில் செலவு. விபத்தில் உடையும் விளக்கும் பம்பரும் ஆயிரக்கணக்கில் விற்கும். ஆகவே அவற்றுக்கு அச்சுச் செய்வோர் உண்டு. கதவின் உள்ளே யாரும் காணாமல் கிடக்கும் மூடி ஒன்றுக்காக எவர் முதலீடு செய்வார்? மருமகன் முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் செய்து பார்க்கலாம் என்றான். உடைந்த மூன்று துண்டுகளை ஒட்டி அளவெடுக்க முற்பட்டதில் அவை ஏழு துண்டுகளாயின.

தம்பி வேறு வழி சொன்னான்: “காக்கா, வண்டியையே தள்ளிவிடுங்கள்.” அவன் கூற்றில் நியாயம் இல்லாமலில்லை. 2021-இல் பழைய வண்டிகளைக் கழிக்கும் கொள்கை வந்தது. 2022 ஏப்ரல் முதல் பதினைந்து ஆண்டு கடந்த கார்களின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாயிற்று. இருபது ஆண்டு கடந்தவற்றுக்கு 2025 ஆகஸ்டில் அது 10,000 ரூபாயாகவும் ஆக்கப்பட்டது. எங்கள் வண்டிக்கு 2027-இல் மீண்டும் புதுப்பிக்க வேண்டிவரும். தம்பி சொன்னதை எடுத்துச்சொன்னபோது உம்மா ஒன்றும் பேசவில்லை. வாப்பா வாங்கிய வண்டி என்றுகூடச் சொல்லவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டார். நான் சென்னைக்குப் பயணச்சீட்டு எடுத்தேன். அது 2024 ஜூலைத் திங்கள்.

வெள்ளத்தில் நின்ற அதே செந்தூர் விரைவு வண்டியில்தான் சென்றேன். ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் அது நின்றபோது பெட்டியிலிருந்த அனைவரும் சன்னல் வழியே எட்டிப் பார்த்தார்கள். பார்ப்பதற்கு அங்கு ஒன்றுமில்லை. மறுநாள் முற்பகல் எழும்பூரில் இறங்கி, காந்தி இர்வின் சாலை வழியே வெளிவந்து தெற்கு நோக்கி நடந்தேன். புதுப்பேட்டை நடை தூரந்தான்.

சிந்தாதிரிப்பேட்டையை வளைத்தோடும் கூவம் ஆற்றின் இக்கரையில், ஆதித்தனார் சாலைக்கும் லாங்ஸ் தோட்டச் சாலைக்கும் இடையே பின்னிக்கிடக்கும் சந்துகளே நாம் தேடிவந்த சந்தை. அதே பெயரில் 2006-இல் வந்த திரைப்படத்தால் வெளியூரார் அவ்விடத்தை ஓர் அடிதடிக் களமாக எண்ணுவதுண்டு. அங்கு நான் கண்டதோ அயராத உழைப்பு. கதவுகள் துணிக்கடையில் புடவை தொங்குவதுபோல் வரிசையாகத் தொங்குகின்றன. டேஷ்போர்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக மாடி உயரத்திற்கு அடுக்கப்பட்டுள்ளன. ஒரு கடையில் கண்ணாடி மட்டும். அடுத்ததில் இருக்கை மட்டும். அதற்கடுத்ததில் கியர்பெட்டி மட்டும். நடுத்தெருவில் ஒரு காரை மூன்று இளைஞர்கள் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் தேநீர் அருந்தி முடிப்பதற்குள் நான்கு கதவுகளும் இறங்கிவிட்டன. காலடியில் எண்ணெய் கலந்த கருஞ்சேறு. காற்றில் கூவத்தின் வாடையும் பெட்ரோல் வாடையும்.

இத்தகைய கடையைத் தமிழகமெங்கும் ‘காயலான் கடை’ என்று வழங்குகிறார்கள் அல்லவா? பழைய இரும்பு வாணிகத்தில் முன்னாளில் ஈடுபட்டிருந்த காயல்பட்டினத்தாரால் வந்த பெயர் அது என்பர். முத்தும் மாணிக்கமும் விற்றவர்கள் எங்கள் முன்னோர் என்று பெருமை பேசிக்கொள்வோம். அகராதியில் எங்களுக்கு இடம் பெற்றுத் தந்ததென்னவோ பழைய இரும்பு! எனக்கு அதில் மனக்குறை ஏதுமில்லை. எனினும் காயலான் ஒருவன் காயலான் கடையைத் தேடி அலைவதை எண்ணியபோது எனக்கே சிரிப்பு வந்தது.

உடைந்த துண்டுகளை ஒரு கைக்குட்டையில் முடிந்து கொண்டுபோயிருந்தேன். முதற் கடையில் இளைஞன் ஒருவன் அதைப் பார்த்த மாத்திரத்தில், “ஆம்னி, பழைய மாடல்” என்று உள்ளே சென்று இரண்டு மூடிகளை எடுத்துவந்தான். என் உள்ளம் துள்ளியது. இரண்டும் வலப்பக்கத்திற்குரியவை. இடதும் வலதும் கண்ணாடியில் தெரியும் உருவம்போல் ஒன்றுக்கொன்று எதிரானவை. மாற்றிப் பொருத்த இயலாது. இரண்டாம் கடையிலும் வலது. மூன்றாம் கடையில் ஒரு பை நிறைய ஐந்தாறு வலது. லுஹர் பாங்கு ஒலிக்கும்வரை பதினொரு கடைகள் ஏறி இறங்கினேன். இடப்பக்க மூடி கிடைத்தது ஒன்றேயொன்று, அதுவும் பாதி.

அருகிலிருந்த பள்ளிவாசலில் ஒளுச் செய்து ஜமாஅத்தோடு தொழுதேன். தொழுகை முடிந்து செருப்பைத் தேடும்போது, பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் என் கைக்குட்டை முடிச்சைப் பார்த்து, “என்ன தம்பி, ஊறுகாயா?” என்றார். அவிழ்த்துக் காட்டினேன். அவரும் அச்சந்தையில் கடை வைத்திருப்பவரே. நாற்பதாண்டுத் தொழில் என்றார். என் அலைச்சலைக் கேட்டவர், கடைக்கு நடந்துகொண்டே எனக்கொரு பாடம் நடத்தினார்.

“வலது நிறையக் கிடைக்கும், இடது கிடைக்காது. ஏன் என்று யோசித்தீர்களா? நம் நாட்டில் வண்டி சாலையின் இடது ஓரத்தில் நிற்கிறது. ஏறுவதும் இறங்குவதும் இடப்பக்கக் கதவில்தான். வலப்பக்கக் கதவைப் பாதிப் பேர் திறப்பதே இல்லை. ஆகவே வண்டி எங்களிடம் வந்து சேரும்போது வலது புதிதுபோல் இருக்கும். இடது தேய்ந்தோ உடைந்தோ போயிருக்கும். உங்களுக்கு உடைந்ததுதான் ஊரில் எல்லாருக்கும் உடைந்திருக்கிறது.”

கடைக்குப் பதினொரு பேர் “இல்லை” என்று சொன்னார்களே தவிர, ஏன் இல்லை என்பதை எவரும் சொல்லவில்லை. அவர் மேலும் சொன்னார்: “அப்படியானால் இடது கதவை அதிகம் திறக்காத ஆம்னி எது? அதைத் தேடவேண்டும். ஆம்புலன்ஸ்! நோயாளியைப் பின்பக்கக் கதவு வழியாகத்தான் ஏற்றுவார்கள். பக்கத்துக் கதவு சும்மா கிடக்கும்.”

அவர் கடையின் பின்புறம் ஒரு நீண்ட கொட்டகை. கூவத்தின் கரையை ஒட்டியிருந்தது. வெண்ணிறக் கதவு ஒன்றை இரண்டு பையன்கள் குவியலின் அடியிலிருந்து இழுத்துப் போட்டார்கள். சிவப்புப் பட்டையும் அழிந்துபோன தொலைபேசி எண்ணின் இரண்டு இலக்கங்களும் அதன் வெளிப்புறத்தில் இன்னும் தெரிந்தன. உட்புறத்தைத் திருப்பினார்கள். தூசியைத் துடைத்ததும், நான் ஐந்து திங்களாகத் தேடிய மூடி தன் இடத்தில் முழுமையாக அமர்ந்திருந்தது.

மகிழ்ச்சியின் ஊடே எனக்கொரு நெருடல் எழுந்தது. பழைய உதிரிப்பாகச் சந்தைகளைப் பற்றிக் களவு வண்டிக் கதைகள் உலவுவதை நாம் அறிவோம். வட நாட்டில் மீரட் நகரத்துச் சோத்திகஞ்ச் சந்தையை இக்காரணத்தால் 2021 டிசம்பரில் காவல்துறையினர் மூடினார்கள். நூறு ரூபாய்ப் பொருளாயினும் ஹலாலாக வரவேண்டும். அதுவும் உம்மா நாள்தோறும் கைவைக்கும் இடத்திற்கு. ஆனால் கூடத் தொழுத மனிதரிடம் இதை எப்படிக் கேட்பது? தயங்கித் தயங்கிக் கேட்டுவிட்டேன். அவர் முகம் சுளிக்கவில்லை. உள்ளே சென்று தடித்த பேரேடு ஒன்றை எடுத்துவந்தார். அந்த வண்டியை ஏலத்தில் எடுத்த கடிதம், பதிவு நீக்கிய சான்றின் நகல், அடிச்சட்ட எண் பொறித்த துண்டை வெட்டி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஒப்படைத்த சீட்டு எல்லாம் அதில் ஒட்டப்பட்டிருந்தன. “கேட்டது நல்லது. கேட்காதவர்கள் மிகுதியாக இருப்பதால்தான் இத்தொழிலுக்குக் கெட்ட பெயர்” என்றார். எல்லாக் கடையிலும் இப்படிப் பேரேடு உண்டா என்று வினவினேன். அவர் பேரேட்டை மூடி உள்ளே வைக்கச் சென்றார், விடை வரவில்லை.

மூடியைக் கழற்றுவதை அவர் பையன்களிடம் விடவில்லை. வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து, அதன்மேல் சற்று நேரம் வைத்திருந்தார். வெப்பத்தில் பிளாஸ்டிக் இளகும். அப்போது கழற்றினால் கவ்விகள் முறியா. எங்களூரில் இந்த ஒரு செய்தி தெரிந்திருந்தால் உம்மாவின் விரல் தப்பியிருக்கும். ஒரு தட்டையான மரக்குச்சியை மெல்ல நுழைத்து, நகத்தைப் பெயர்ப்பதுபோல் நான்கு மூலைகளையும் நெம்பி எடுத்தார். எடுத்ததை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், பின்புறத்தை என்னிடம் காட்டினார். “இதோ பாருங்கள், மயிரிழை போல் ஒரு கீறல். முன்பக்கம் தெரியாது. நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.” அவர் காட்டாவிடில் நான் கண்டிருக்கவே மாட்டேன். தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளிருந்த ஈரத்தைக் கண்டு அவ்வணிகரை நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்த நிகழ்ச்சியை நாம் ஜும்ஆ மேடைகளில் பலமுறை கேட்டிருக்கிறோம். அப்பெரியவர் ஹதீஸ் எதையும் சொல்லவில்லை. கீறலைக் காட்டினார், பின்பு விலையைக் குறைத்தார். முதலில் 200 ரூபாய் என்றவர் 150 போதும் என்றார்.

நான் ஆயிரம் ரூபாய் கொடுக்கவும் ஆயத்தமாக இருந்தேன். ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டி, மீதி வேண்டாம் என்றேன். “அலைந்து வந்தவர் என்பதற்காகவா? நீங்கள் பக்கத்துத் தெருவிலிருந்து வந்திருந்தாலும் இதற்கு விலை இதுதான்” என்று 350 ரூபாயை எண்ணிக் கையில் வைத்துவிட்டார். பலகையைப் பிடிக்கும் பட்டன் கிளிப்புகள் ஒரு பிடி அள்ளி, காகிதத்தில் மடித்துத் தந்ததற்கு மட்டும் பணம் பெற மறுத்தார். ஊர் எது என்று அப்போதுதான் கேட்டார். சொன்னேன். பையன்களைத் திரும்பிப் பார்த்து, “டேய், முதலாளி வந்திருக்கிறார்” என்று உரக்கச் சிரித்தார்.

ஊர் திரும்பியதும் கீறலின் பின்புறம் பிசின் தடவி, இரண்டு நாள் உலரவிட்டு, புதிய பலகையோடு நானே பொருத்தினேன். எங்கள் வண்டியின் உட்புறம் பழுப்பு. இந்த மூடி சாம்பல் நிறம். ஒட்டுப்போட்ட சட்டைபோல் தனித்துத் தெரிகிறது. மாற்ற மனம் வரவில்லை. வாப்பாவின் குறிப்பேட்டில், ‘இடக்கதவு ஹேண்டில் கவர், புதுப்பேட்டை, ரூ. 150’ என்று எழுதினேன். இரயில் கட்டணத்தையும் சாப்பாட்டுச் செலவையும் எழுதவில்லை. வாப்பாவும் அத்தகைய செலவுகளை எழுதியதில்லை.

உம்மாவை அழைத்துவந்து காட்டினேன். முதலில் ஒரு விரலால் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு நான்கு விரல்களையும் உள்ளே நுழைத்தார்.

“எந்த வண்டியிலிருந்து எடுத்தது வாப்பா?”

ஆம்புலன்ஸ் என்று சொல்லத் தயங்கினேன். சொல்லத்தான் வேண்டியிருந்தது. உம்மா சற்று நேரம் அக்கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். “எத்தனை பேர் இதில் படுத்துக்கொண்டு போனார்களோ” என்றவர், வலக்கை கைப்பிடியில் இருந்தபடியே இடக்கையை மட்டும் ஏந்தி, முகமறியாத அந்நோயாளிகளுக்காக வாய்க்குள் துஆச் செய்தார். பின்பு காலைத் தூக்கிவைத்து ஏறி அமர்ந்து, துப்பட்டியைச் சரிசெய்துகொண்டார்.

“சித்தன் தெருவுக்கு விடு. நான் வருகிறேன் என்று அவளிடம் சொல்லாதே.”